ஒண்ணாம் நம்பர்

என் மகன் பாட்டுக்கு மார்க் போடுகிறவன். அவனுக்குப் பாட வராது, ஒரு வாத்தியத்தையும் தொட்டதில்லை. ஆனால் வேலை விட்டு வந்ததும் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உலகத்துப் பாட்டுகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதுவான். இதற்கென்றே இணையத்தில் இரண்டு இடங்கள் வைத்திருக்கிறான். ஒன்றில் ஐந்து நட்சத்திரம், மற்றதில் பத்து மார்க். முதல் கூட்டம் தாராளமாம், இரண்டாவது கூட்டம் கஞ்சமாம். இங்கே மூன்று வாங்கினால் சுமார், அங்கே ஏழு வாங்கினால் மகுடம் என்று, சோறு ஆறிப்போவது தெரியாமல் எனக்கு விளக்குகிறான்.

"யாருடா இவங்கல்லாம்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. பேரு கூட உண்மப் பேரு இல்ல."

"மொகம்?"

"மொகம் எதுக்கும்மா, மார்க் போடத்தானே?"

ஒற்றை நட்சத்திரம் வாங்கிய பாட்டைத் திரையில் பார்த்தால் இன்றைக்கும் என் கண் அதைத் தாண்டிப் போகாது. போட்டவன் எந்தப் பக்கமிருந்து எண்ணினானோ என்று முதலில் நினைப்பேன். மகனுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். காரணத்தை அவனிடம் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். செமோர் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்களை ஒரு பக்கமாகச் சாய்த்துச் செம்பனை போட ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. ஈப்போவுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் காவலுக்கு நின்றார். நான் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தேன். நாள் முழுக்க மிஷின் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் நான் வாயைத் திறந்து பாடிக்கொண்டே இருப்பேன், யாருக்கும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கேட்கும்படி பாடினேன். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு புகைப்படக் கடையின் மாடியில் பாட்டு மன்றம் ஒன்று கூடும். கடைக்காரர்தான் மன்றத் தலைவர். ஆர்மோனியம் வாசிக்கும் ஒருவர் சொந்தமாக மெட்டுப் போடுவார். அவர் எனக்கு ஒரு பாட்டுக் கொடுத்தார். மழை நாள் பெரட்டைப் பற்றிய பாட்டு. விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வாளியோடு நிற்க, மழை பிடித்துக்கொள்ளும், அன்றைக்குப் பால் வெட்டு இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அவ்வளவுதான் பாட்டு. நான் அந்த மழையில் நின்றவள். அந்தப் பாட்டை என்னைவிட நன்றாக யாரும் பாட முடியாது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அடக்கம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைச்சல்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஈப்போவில் பாட்டுக் கடை வைத்திருந்த இன்னொருவர் கேசட் வெளியிடுவதாக இருந்தார். எல்லாம் இந்தியாவிலிருந்து வந்த பாட்டு மெட்டுகள். உள்ளூர்ப் பாட்டை எவன் வாங்குவான் என்பது அவருடைய கொள்கை. எங்கள் தலைவர் நடையாய் நடந்து கெஞ்சியதில், கடைசியில் அந்தக் கடைக்காரர் ஒரே ஒரு உள்ளூர்ப் பாட்டுக்கு இடம் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு இடம், எங்களிடம் ஐந்தாறு பாட்டு.

எனக்கோ அந்த இடம் வெறும் ஆசை இல்லை. சித்தியவானிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை: மேடையேறிப் பாடும் பழக்கமெல்லாம் கல்யாணத்தோடு முடிந்துவிட வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

"கேசட்டுல ஒம் பாட்டு வந்துருச்சுன்னா அவங்ககிட்ட பேச எனக்கு வாயி இருக்கும். வெறுங்கையோட போயி எம் மக பாடுவான்னா என்னான்னு சொல்றது? தீவாளி வரைக்கும் தள்ளிப் போடுறேன். அதுக்கு மேல எனக்குச் சூசாலா, என்னால ஆவாது," என்றார்.

ஆக, அந்தப் பாட்டு கேசட்டில் ஏறினால் நான் பாடுவேன், ஏறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்ட வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இல்லை. ராத்திரி பகல் இதே நினைப்பு. காலரை முன்பின்னாக மாற்றித் தைத்து மேற்பார்வைக்காரியிடம் ஏச்சு வாங்கினேன்.

எந்தப் பாட்டு என்று தானே முடிவு செய்தால் பொல்லாப்பு வரும் என்று தலைவருக்குப் பயம். அதனால் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலிநாடாவில் பதிந்து, பாடியவர் பெயர் சொல்லாமல், எண் மட்டும் சொல்லி, பேரா மாநிலத்தில் பாட்டுக் கேட்கும் கூட்டம் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் சுற்றுக்கு விட்டார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "ஒவ்வொரு பாட்டையும் குழுவாகக் கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை எண் போடவும்." மகன் கணினியில் செய்வதை நாங்கள் பஸ் கண்டக்டர்களின் கையில் கொடுத்தனுப்பிச் செய்தோம்.

அந்தக் கூட்டங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. லகாட்டில் இருந்தவர்கள் படித்தவர்கள், ஈயம் தோண்டும் லம்பத்தில் கணக்கு எழுதியவர்கள், ஒரு வாத்தியார். பாட்டைக் கேட்பதைவிடக் குற்றம் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு ருசி. ஐந்து என்ற எண்ணைப் போட்டால் கை சுட்டுவிடும் என்பதுபோல் யாருக்கும் போட மாட்டார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கில் கடலுக்குப் போகிறவர்கள். படகு இன்ஜினை மீறிக் காதில் விழுகிற பாட்டுத்தான் அவர்களுக்குப் பாட்டு, மற்றதெல்லாம் முனகல். அவர்கள் எண்ணே போடவில்லை. படகு ஜெட்டியில் சீன முதலாளி தவுக்கே இறாலைத் தரம் பிரிக்கிறபடி ஏ, பி, சி என்று போட்டு அனுப்பிவிட்டார்கள். மன்றத்தில் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். "பாட்டக் கேக்கச் சொன்னா எடை போட்டிருக்கானுங்க," என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏ-க்கு ஐந்து, பி-க்கு நான்கு என்று அவரே மாற்றி எழுதிக்கொண்டார். நானும் சிரித்தேன், எனக்கு அவர்கள் ஏ போட்டிருந்தார்கள்.

எங்கள் பழைய தோட்டத்திலும் ஒரு கூட்டம் இருந்தது. மிச்சமிருந்த கித்தாவுக்காகப் புகைக்கூடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டி, புகையில் காய வைக்கும் இடம். அங்கே வேலை பார்த்த அண்ணன் ஒருவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைக்கட்டு. காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. பாட்டையும் அப்படித்தான் கேட்பார்கள். ரேடியோவுக்கு முன்னால் நாலு பேர் குந்திக்கொண்டு, "இங்கன ஒரு குமிழி இருக்குலா," "சுருதியில பூஞ்சை," "புகை பத்தல, இன்னும் ரெண்டு நாள் காயணும்," என்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். மற்ற ஊர்கள் எப்படிப் போட்டாலும் இவர்கள் என்னைக் கைவிட மாட்டார்கள் என்று நம்பினேன். பெயர் சொல்லாவிட்டால் என்ன, என் குரல் தெரியாதா அவர்களுக்கு?

முடிவு சொல்லும் ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார இடம் இல்லை. தலைவர் ஊர் ஊராக வாசித்தார். லகாட் எனக்கு நான்கு போட்டிருந்தது. லகாட்டிடம் நான்கு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை, ஆர்மோனியக்காரர் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். ஹுத்தான் மெலிந்தாங் ஐந்து. எனக்கு அடுத்து நெருக்கமாக வந்துகொண்டிருந்தவர் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி. மாதா கோயிலில் பாடிப் பழகிய குரல், பாலாடை மாதிரி வழவழப்பு. அவருடைய அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக எங்கள் தோட்டத்துச் சீட்டைத் தலைவர் பிரித்தார்.

தம்பியின் பாட்டுக்கு நான்கு. என் பாட்டுக்கு ஒன்று.

வாசித்துவிட்டுத் தலைவரே ஒரு கணம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றுதான். பின் வரிசையில் யாரோ, "சொந்த ஊர்க்காரனே ஒண்ணு போட்டா அப்புறம் என்னா இருக்கு," என்றார். அதற்குச் சிரிப்பு எழுந்தது. தம்பியின் அம்மா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காது அடைத்துக்கொண்டது. மாடிப்படியில் இறங்கியது நினைவில் இல்லை. பஸ் நிலையத்தில் நின்று செமோர் பஸ்ஸில் ஏறியபோதுதான் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தது. அது கோபம். என்னை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது.

புகைக்கூட்டு அண்ணன் லயத்து வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"வா தங்கச்சி! கேசட்டு எப்ப வருது? நாங்க பத்து ஆளு வாங்கறதுன்னு பேசி வச்சிருக்கோம்லா."

"எதுக்கு அண்ணே ஒண்ணு போட்டீங்க?" என்றேன். "என்னா பாவம் செஞ்சேன் ஒங்களுக்கு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பின்ன என்னா போடுறது? ஒண்ணாம் நம்பருக்கு ஒண்ணுதான போடணும்? ஒம் பாட்டத் தூக்கிப் புடிச்சுப் பாத்தா அந்தாண்ட வெளிச்சம் தெரியுது. ஒரு குமிழி இல்ல. நாலு பேரும் ஒரே பேச்சா ஒண்ணுன்னோம். அந்த இன்னொருத்தன், வழவழன்னு பாடுனானே, அவனுக்கு நாலு போட்டோம். பாக்க மினுக்கு, உள்ள ஈரம்."

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். புகைக்கூட்டில் ஒண்ணாம் நம்பர் ஷீட்டுத்தான் உசத்தி. ரெண்டு, மூணு என்று போகப் போக மட்டம். ஐந்தாம் நம்பர் கறுத்து, அழுக்கேறி, கடைசியில் கட்டுகிற சரக்கு. இது எனக்குத் தெரியாததா? அந்தப் புகையில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் ஈப்போ மாடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே அது தோன்றவில்லையே. துண்டுச் சீட்டில் ஒன்று முதல் ஐந்து வரை என்றுதான் இருந்தது. எது பெரிசு என்று எழுத வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. இறால்காரர்கள் ஏ, பி என்று எழுதியதால் கண்ணில் பட்டுச் சிரித்துத் திருத்திக்கொண்டார்கள். இவர்கள் ஒழுங்காக எண்ணையே எழுதியதால் யாருடைய கண்ணிலும் படவில்லை.

திருப்பிப் போட்டால் எனக்கு ஐந்து, தம்பிக்கு இரண்டு. இடம் என்னுடையது. அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்தது.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போகவில்லை. தலைவரின் கடைக்குப் போய், யாரோ பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து காத்திருக்கையில், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது நெசமா இருக்கலாம்மா. நான் இல்லங்கல. ஆனா நேத்து எல்லார் முன்னாலயும் படிச்சாச்சு. இன்னிக்கு நீ வந்து சொன்னேன்னு நான் மாத்துனா நாளைக்கு ஊரே என்னப் பிச்சுத் தின்னுடும். லகாட்காரங்க சும்மா இருப்பாங்களா?"

"தலைவரே, எனக்கு வேற வழி இல்ல. கால்ல வேணும்னாலும் விழுறேன்."

விழுந்திருப்பேன். வெட்கம், மானம் எல்லாம் போய்விட்டிருந்தது. அவர் பதறிப்போய் என் தோளைப் பிடித்துத் தடுத்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்: பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் புகைக்கூட்டு ஆளே நேரில் வந்து, எல்லோருக்கும் முன்னால், எந்தப் பாட்டு உசத்தி, எது மட்டம் என்று தன் வாயால் சொல்லட்டும். சொன்னால் மாற்றிவிடலாம். அதற்கு மேல் நியாயம் கேட்க முடியாது.

அந்த வாரம் முழுக்க நான் மனுஷியாக இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருந்தார். பகலில் மிஷின் சத்தத்துக்குள் பாடப் பார்த்தேன், பயத்தில் பாட்டு வரவில்லை. அண்ணன் வருவாரா, வந்தால் பேசுவாரா, கூட்டம் சிரித்தால் ஓடிவிடுவாரா என்று ஒரே உதைப்பு.

அவர் வந்தார். தீமிதிக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். விஷயத்தைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "எங்க கையால ஒம் பாட்டக் கெடுத்துட்டோமேம்மா. கவலப்படாத, சொல்லிருவோம், என்னா இப்ப," என்று படியேறும்போது என்னிடம் சொன்னார்.

மாடியில் தலைவர் விஷயத்தை விளக்கினார். சிரிப்பு எழுந்தது, எதிர்பார்த்ததுதான். அண்ணன் அதற்கு அசரவில்லை. ஷீட்டு எப்படி, நம்பர் எப்படி என்று தெளிவாகச் சொன்னார். சிரித்தவர்களே வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஆர்மோனியக்காரர் என் கையைத் தட்டினார்.

"அப்ப சரி. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா உசத்தி," என்றார் தலைவர். "இந்தத் தம்பிக்கு நாலு போட்டிருக்கீங்க. அப்ப இவரு பாட்டு மட்டம், அப்படித்தானே? அத மட்டும் வாயால சொல்லிருங்க, எழுதிக்கிறேன்."

தம்பி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அப்போதுதான் அவரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். இருபது வயது இருக்காது. தம்பி மரியாதையாக எழுந்து நின்று, "சொல்லுங்க அங்கிள், பரவால்ல," என்றார். பக்கத்தில் அம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், மறுபடி அவர்களைப் பார்த்தார். நான் மனசுக்குள் கத்தினேன்: சொல்லுங்க அண்ணே, சொல்லிருங்க. உள்ள ஈரம்னு என்கிட்ட சொன்னீங்களே, அத இங்க சொல்லுங்க.

"மட்டம்னு எப்படிங்க சொல்றது," என்றார் கடைசியில். "தம்பியும் நல்லாத்தான் பாடியிருக்காரு."

"அப்ப நாலு நாலாவே இருக்கட்டுமா? நாலு நாலுன்னா ஒண்ணும் ஒண்ணுதான்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து, "அவரு அன்னிக்கு என்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. பிள்ளையைப் பெற்றவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நானும்தான் எப்படிச் சொல்வது? எங்கள் தோட்டத்தில் எவரும் எவர் பிள்ளையையும் முகத்துக்கு நேரே மட்டம் என்று சொன்னதில்லை. சொல்ல எங்களுக்கு வராது. தலைவர் பேனாவை மூடினார்.

பஸ் நிலையம் வரைக்கும் அண்ணனோடு நடந்தேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, அவர் மடியில் விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது. செமோர் பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது.

"ஷீட்டுன்னா பட்டுன்னு சொல்லிருவேம்மா," என்றார் அவர். "அதுக்கு மொகம் இல்ல."

நான் பஸ்ஸைக் கையால் காட்டினேன்; ஏறப் போனவர் திரும்பினார்.

"அந்தப் பாட்ட ஒரு தடவ பாடு தங்கச்சி. நேருல கேட்டதே இல்ல."

வாயைத் திறந்தேன். சத்தியமாகப் பாடத்தான் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார். அண்ணன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சுட்டுவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார். ஒண்ணு. அந்த நிலையத்தில் நின்ற அத்தனை பேரில் அதன் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். பஸ் பெரிய பாசார் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் அந்த விரல் இறங்கவில்லை.

வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்பதற்கு முன்பே, சித்தியவான்காரர்களுக்குச் சரி என்று சொல்லிவிடச் சொன்னேன்.